பினோக்கியோவைப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட: புத்தகம் தேடுவதிலிருந்து 36ஆம் அத்தியாயம் வரை

ஐந்தாறு வயதில் பிள்ளைகளுக்குப் படக்கதை அலுத்துவிடுகிறது. தானாக நாவல் எடுத்துப் படிக்க இன்னும் மூன்று நான்கு வருடம் ஆகும். இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டது இத்தாலிய எழுத்தாளர் கார்லோ கொலோடியின் பினோக்கியோ. மரப்பொம்மை, பொய் சொன்னால் நீளும் மூக்கு என்ற அளவில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். முழுப் புத்தகத்தைப் படித்தவர்கள் குறைவு. அதில் இருக்கும் நக்கலும் கிறுக்குத்தனமும் நமக்கே புதிதாக இருக்கும்.

ஆனால் புத்தகத்தை வாங்கியதும் அன்று ராத்திரியே முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் நான்காவது நாளே அழுகையில் போய் நிற்பீர்கள். எந்தப் பதிப்பு, எவ்வளவு செலவு, எத்தனை வாரம், எந்த அத்தியாயத்தோடு விளக்கை அணைக்கக் கூடாது என்பதெல்லாம் கீழே இருக்கிறது.

1. பிள்ளை தயாரா என்று பாருங்கள்

வயதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். படம் எதுவும் காட்டாமல் பத்து நிமிடக் கதை ஒன்றை வாயால் சொல்லிப் பாதியில் நிறுத்துங்கள். மறுநாள் "நேத்து எங்க விட்டோம்?" என்று கேளுங்கள். பிள்ளை ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிட்டால் போதும், தொடங்கலாம். திருதிரு என்று முழித்தால் ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள், அவசரமே இல்லை.

வீட்டில் மூன்று வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால் அந்தக் குழந்தை தூங்கிய பிறகு வாசியுங்கள். பெரியதுக்குச் சிரிப்பாக இருக்கும் இடம் சின்னதுக்குப் பயமாக இருக்கும், அப்புறம் இரண்டும் தூங்காது.

2. சுருக்கப் பதிப்பில் ஏமாறாதீர்கள்

பினோக்கியோ என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் பினோக்கியோ இல்லை. கடைகளில் பளபளவென்று இருப்பவற்றில் பெரும்பாலும் முப்பது பக்கச் சுருக்கங்கள்தான். அவற்றில் கதை இருக்கும், வேடிக்கை இருக்காது. பொம்மை செய்தார், பொம்மை பொய் சொன்னது, மூக்கு நீண்டது, மீன் வயிற்றில் அப்பாவைக் கண்டுபிடித்தது, நல்ல பையன் ஆனது, முடிந்தது. இதை வாங்கினால் ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடும்.

முழுப் புத்தகத்தில் 36 அத்தியாயம் உண்டு. தமிழோ ஆங்கிலமோ, எந்தப் பதிப்பானாலும் முதலில் அதை எண்ணுங்கள். அடுத்து 13ஆம் அத்தியாயத்தைத் திறந்து, சத்திரத்தில் பூனையும் நரியும் என்னென்ன சாப்பிட்டன என்ற பட்டியல் இருக்கிறதா பாருங்கள். "மூவரும் உணவருந்தினர்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

படம் நிறைய இருக்க வேண்டும் என்றும் தேடாதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் படம் இருந்தால் பிள்ளை படத்தைப் பார்க்கும், நீங்கள் படிப்பதைக் கேட்காது. அத்தியாயத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போதும்.

3. எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்

காசே செலவில்லாத வழி முதலில். கொலோடி 1890இல் இறந்துவிட்டார், மூல நூலுக்குப் பதிப்புரிமை இல்லை. கேரல் டெல்லா கியேசாவின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் முழுப் பதிப்பு கைக்கு அகப்படவில்லை என்றால் இதை வைத்துக்கொண்டு நீங்களே தமிழில் சொல்லிக்கொண்டு போகலாம். அதற்கு எப்படித் தயாராவது என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

அதைக் கைபேசியிலேயே வைத்துப் படித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நடுவில் குடும்பக் குழுவில் யாராவது காலை வணக்கப் பூவை ராத்திரியில் அனுப்புவார்கள், பிள்ளையின் கண் திரைக்குப் போய்விடும். அச்செடுத்துவிடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால் ஏ4 தாளில் நூறு பக்கம் போல வரும். இரண்டு பக்கமும் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து ஸ்பைரல் போட, கடைக்குக் கடை ஏறி இறங்கினாலும், ஏறக்குறைய 300 ரூபாய்க்குள் அடங்கும். ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம், கிழிந்தாலும் கவலையில்லை.

நூலகத்தில் எடுப்பதாக இருந்தால் முகவரிச் சான்றின் நகலும் புகைப்படமும் கையோடு கொண்டு போங்கள். இரண்டாவது நடையை மிச்சப்படுத்தும். உறுப்பினராகும்போதே தவணை எத்தனை நாள், எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத் தவணையில் இந்தப் புத்தகம் முடியாது. சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பகுதி உண்டு. வாங்குவதற்கு முன் பிள்ளையோடு உட்கார்ந்து இரண்டு அத்தியாயம் படித்துப் பார்க்க நல்ல இடங்கள். புதிதாக வாங்குவதென்றால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிவரை பொறுக்கலாம், பத்து சதவீதம் தள்ளுபடி கிடைக்கும்.

4. நாள் கணக்குப் போடுங்கள்

முழுப் புத்தகமும் சத்தமாகப் படிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அத்தியாயத்துக்கு எட்டிலிருந்து பத்து நிமிடம், கேள்விகளோடு சேர்த்துக் கால் மணி. வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் ஏழு வாரத்தில் முடியும். ஏழு நாளும் படிக்கிறேன் என்று சபதம் எடுக்காதீர்கள். கல்யாணம், காய்ச்சல், ராத்திரி வரும் விருந்தாளி என்று ஏதாவது வரத்தான் செய்யும்.

எல்லா அத்தியாயமும் ஒரே நீளம் இல்லை. முதல் எட்டும் சின்னவை. 29 நீளம். 36 மிக நீளம், அதை இரண்டு ராத்திரியாகப் பிரித்துவிடுங்கள். மாறாக 1–2, 15–16, 23–24 ஆகிய மூன்று ஜோடிகளை ஒரே மூச்சில் படிக்க வேண்டும். முதல் ஜோடி சின்னது என்பதால். மற்ற இரண்டுக்கும் ஏன் என்பது அடுத்த படியில் வருகிறது.

சாப்பாடு முடிந்து, பல் துலக்கி, படுக்கையில் ஏறிய பிறகு ஆரம்பியுங்கள். "பல் துலக்கினால்தான் கதை" என்று பேரம் பேசும் வேலைக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். ஒரு நாள் பிள்ளை முரண்டு பிடிக்கும், நீங்களும் வீம்புக்குக் கதையை நிறுத்துவீர்கள், அன்றோடு தொடர்ச்சி போய்விடும்.

5. முந்தின நாளே பத்து நிமிடம் படித்து வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். குரல் மாற்றிப் பேசுவது, கை கால் ஆட்டுவது எதுவும் வராவிட்டால் பரவாயில்லை. நாளை படிக்கப்போவதை இன்றைக்கே கண்ணால் ஓட்டியிருக்க வேண்டும். கையில் பென்சில் இருக்கட்டும். கரடுமுரடான இடத்தைக் கோடிடுங்கள், சிரிப்பு வரும் வரிக்குப் பக்கத்தில் புள்ளி வையுங்கள். ஆங்கிலத்திலிருந்து சொல்பவர்கள், தட்டும் வார்த்தைகளுக்குத் தமிழை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் அத்தியாயத்தில், பொம்மையைச் செய்யப்போகும் அப்பா கெப்பெட்டோவின் மஞ்சள் டோப்பாவைக் கேலி செய்ய ஒரு பட்டப்பெயர் வரும். நாங்கள் அதைச் 'சோளக்கூழு' ஆக்கிக்கொண்டோம். வாய்க்கு வந்தபடி அந்த நேரத்தில் யோசித்தால் சண்டைக் காட்சியின் வேகம் போய்விடும்.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய அத்தியாயங்கள் இவை.

4: பேசும் சிள்வண்டு புத்தி சொல்கிறது, பினோக்கியோ மரச் சுத்தியலை எடுத்து வீசுகிறான், வண்டு சுவரோடு ஒட்டிச் செத்துப்போகிறது. டிஸ்னி படம் பார்த்த பிள்ளையாக இருந்தால் இதுதான் முதல் அதிர்ச்சி. படத்தில் அந்த வண்டு கடைசிவரை கூடவே வரும். மறைக்க வேண்டாம். "பொறு, அவன் திரும்ப வருவான்" என்று மட்டும் சொல்லுங்கள். பொய் இல்லை, 13இல் ஆவியாகவும் 16இல் வைத்தியராகவும் வருகிறது.

6: குளிருக்குக் கணப்புமேல் காலை வைத்தபடி தூங்கிவிடுகிறான், கால் இரண்டும் கரியாகிறது. மரக்கால் என்பதால் பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 8இல் அப்பா புதுக் கால் செய்து கொடுத்துவிடுகிறார்.

15: கொள்ளைக்காரர்கள் பினோக்கியோவை மரத்தில் தூக்கில் தொங்கவிடுகிறார்கள். இங்கே புத்தகத்தை மூடவே கூடாது. 1881இல் இதைச் சிறுவர் பத்திரிகையில் தொடராக எழுதிய கொலோடி இந்த இடத்தோடு கதையை முடித்துவிட்டார், சில மாதம் கழித்துத்தான் மறுபடி தொடர்ந்தார். அந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படித் தூங்கினார்களோ. நீங்கள் நேராக 16க்குப் போய்விடுங்கள். அங்கே காகமும் ஆந்தையும் வைத்தியர்களாக வந்து நாடி பிடித்துப் பார்க்கின்றன. பொம்மை செத்துவிட்டது, ஒருவேளை சாகவில்லை என்றால் உயிரோடு இருக்கிறது என்று பொருள் என்கிறது காகம். இல்லவே இல்லை, உயிரோடு இருக்கிறது, ஒருவேளை உயிரோடு இல்லை என்றால் செத்துவிட்டது என்று பொருள் என்கிறது ஆந்தை. பயம் அப்படியே சிரிப்பாக மாறுவதைப் பார்ப்பீர்கள்.

23: பினோக்கியோவைக் காப்பாற்றிய தேவதையின் கல்லறை. அழுகை வரலாம். அதனால்தான் 24ஐயும் சேர்த்துப் படிக்கச் சொன்னேன், அதன் முடிவில் தேவதை திரும்பக் கிடைத்துவிடுகிறாள்.

33: கழுதையாக மாறிய பினோக்கியோவைச் சர்க்கஸில் சாட்டையால் அடிக்கிறார்கள். அடியைச் சுருக்கிவிடுங்கள், சர்க்கஸை விட்டுவிடாதீர்கள். 36இல் பினோக்கியோவின் கூட்டாளிப் பையன் கழுதையாகவே செத்துப்போகிறான். நான் அதைச் சத்தம் குறைத்து, மாற்றாமல் அப்படியே படித்தேன். உங்கள் பிள்ளை எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

6. பேசுவதுபோலப் படியுங்கள்

தமிழ்ப் பதிப்பை வைத்துப் படிப்பவர்களுக்கு வரும் பெரிய சிக்கல் இது. "தந்தையே, எனக்குப் பசிக்கிறது, ஏதேனும் தாருங்கள்" என்று பொம்மை கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சிரிப்பு வராது, அது மேடை நாடகம்போல இருக்கும். கதை சொல்லும் வரிகளை அச்சில் உள்ளபடியே படியுங்கள், அந்த நடைக்குக் காது பழகுவது நல்லது. யாராவது வாயைத் திறந்தால் மட்டும் வீட்டுப் பேச்சுக்கு மாறிவிடுங்கள். "அப்பா, பசிக்குதுப்பா, எதாவது குடேன்." இரண்டு மூன்று நாளில் கண் எழுத்துத் தமிழைப் பார்க்கும்போதே வாய் பேச்சுத் தமிழைச் சொல்லப் பழகிவிடும்.

ஆளுக்கொரு குரல் வைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். 36 அத்தியாயத்தில் அத்தனை பேரின் குரலையும் நினைவில் வைத்திருக்க முடியாது. நீங்கள் மறந்தாலும் பிள்ளை மறக்காது, "நரி இப்படிப் பேசாதே" என்று நிறுத்தும். பினோக்கியோவுக்கு வேகம், கெப்பெட்டோவுக்கு நிதானம், நரிக்குக் குழைவு. இந்த மூன்றும் போதும். பூனைக்குத் தனிக் குரலே வேண்டாம், நரி சொன்னதன் கடைசியைத் திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை.

7. சிரிப்பு வரும் இடத்தில் நீங்கள் சிரிக்காதீர்கள்

13ஆம் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். பூனைக்கு வயிறு சரியில்லை, அதிகம் சாப்பிட முடியவில்லை. ஆகையால் தக்காளிக் குழம்பில் போட்ட முப்பத்தைந்து மீனும், நான்கு தட்டுக் குடல் கறியும் மட்டும் சாப்பிட்டது. நரிக்கோ வைத்தியர் பத்தியம் சொல்லியிருக்கிறார். பாவம், ஒரு சின்ன முயல், அதைச் சுற்றி ஒரு டஜன் கோழிக்குஞ்சு, அதற்குப் பிறகு கௌதாரி, காட்டுக்கோழி, இன்னும் இரண்டு முயல், தவளை, பல்லி. கடைசியில் எல்லாவற்றுக்கும் காசு கொடுப்பது பினோக்கியோ.

இதைப் படிக்கும்போது முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளுங்கள். "பூனைக்கு வயிறு சரியில்லை" என்ற இடத்தில் உண்மையாகவே பரிதாபப்படுங்கள். நிறுத்துங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருங்கள். அப்புறம் முப்பத்தைந்தைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மகள் முதலில் விரலை விட்டு எண்ண ஆரம்பித்தாள், பத்தோடு விரல் தீர்ந்தது. நரியின் பத்தியம் வந்ததும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மாமனாரைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா, நீங்களும் சர்க்கரைக்குப் பத்தியம்தானே?" என்றாள். அவர் கையில் மைசூர்பாகு இருந்தது.

இப்படிப்பட்ட இடங்கள் நிறைய. 5இல் பசியோடு முட்டையை உடைத்தால் உள்ளே இருந்து கோழிக்குஞ்சு வெளியே வந்து, ஓட்டை உடைக்கும் வேலையை மிச்சப்படுத்தியதற்கு நன்றி சொல்லிவிட்டுப் பறந்துவிடுகிறது. 29இல் கதவைத் திறக்க வரும் நத்தை மாடியிலிருந்து கீழே இறங்க ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நத்தை பேசும் வரிகளை மட்டும் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் படியுங்கள், பிள்ளை மெத்தையில் குதிக்க ஆரம்பித்துவிடும். அந்த அத்தியாயத்தைத் தூக்கம் வரும் நேரத்துக்கு வைக்காமல் விடுமுறை நாள் மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டால் நல்லது.

19இல் வரும் நீதிமன்றம் பெரியவர்களுக்கான விருந்து. காசைத் திருட்டுக் கொடுத்துவிட்டு நியாயம் கேட்கப் போகிறான் பினோக்கியோ. நீதிபதி ஒரு கிழட்டுக் கொரில்லா. பொறுமையாக, கண்ணீர் வராத குறையாகக் கேட்டுவிட்டு, இந்த அப்பாவியின் நான்கு தங்கக் காசைத் திருடிவிட்டார்கள், ஆகவே இவனைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று தீர்ப்புச் சொல்கிறது. நான்கு மாதம் கழித்து ராஜா எல்லாத் திருடர்களையும் விடுதலை செய்கிறார். இவன் திருடன் இல்லை என்பதால் இவனுக்கு விடுதலை கிடையாது. "ஐயா, நானும் திருடன்தான்" என்கிறான். அப்படியானால் சரி என்று தொப்பியைத் தூக்கி மரியாதையோடு அனுப்பி வைக்கிறார்கள். இதில் என்ன வேடிக்கை என்று பிள்ளைக்கு விளக்க உட்காராதீர்கள். புரியாமல் "ஏன்?" என்று கேட்டால், "அதானே, ஏன்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

8. கேள்விக்கு நில்லுங்கள், அறிவுரைக்கு நிற்காதீர்கள்

நடுவில் கேள்வி வந்தால் ஒரு வரியில் பதில் சொல்லுங்கள். அடிக்கடி வரும் கேள்வி, "மூக்கு எப்ப நீளும்?" மூன்றாம் அத்தியாயத்தில் செதுக்கும்போதே மூக்கு சும்மா நீள்கிறது. பொய்க்காக நீள்வது 17இல்தான். அதுவரை ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும் என்பதால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், தினமும் கேட்க மாட்டார்கள்.

புத்தகத்திலேயே அறிவுரைகள் நிறைய. தேவதை சொல்வாள், வண்டு சொல்லும், கிளி சொல்லும். அந்தப் பத்திகளை வேகமாகக் கடந்துவிடுங்கள், பாதியை விட்டாலும் கதைக்கு நஷ்டமில்லை. அதற்குமேல் நீங்களும் ஒரு பங்கு சேர்த்தால், "பார்த்தியா, பள்ளிக்கூடம் போகலைன்னா இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை வந்தால், மறுநாள் பிள்ளை படுக்கையில் புரண்டு படுத்துக்கொள்ளும். பகலில் பிள்ளை எதையாவது மறைக்கும்போது "மூக்கு நீளுது பார்" என்று சொல்லும் ஆசையும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

9. நடுவில் நின்றுபோனால்

ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய அத்தியாயத்தைத் திரும்பப் படிக்க வேண்டாம். "எங்க விட்டோம்?" என்று பிள்ளையைச் சொல்லவிடுங்கள், தவறாகச் சொன்னாலும் திருத்தாமல் தொடருங்கள். இரண்டு வாரத்துக்குமேல் போய்விட்டால் 12ஆம் அத்தியாயத்திலிருந்து பிடிப்பது எளிது. நரியும் பூனையும் வருவது அங்கேதான், அதற்கு முந்தைய கதையை ஐந்து நிமிடத்தில் வாயால் சொல்லிவிடலாம்.

சிலருக்கு இந்தக் கதை பிடிக்காது. 5ஆம் அத்தியாயம்வரை படித்தும் ஒரு முறைகூடச் சிரிப்பு வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஸ்பைரல் போட்டது அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும்.

10. படத்தைக் கடைசியில் காட்டுங்கள்

1940இல் வந்த டிஸ்னி படத்தை வாசிப்பு முடியும்வரை போடாதீர்கள். படத்தில் அப்பாவை விழுங்குவது திமிங்கலம், புத்தகத்தில் ராட்சதச் சுறா. நீதிமன்றம் கிடையாது, பத்தியக்கார நரியின் சாப்பாடும் கிடையாது. முடித்த பிறகு பார்த்தால் எது எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பிள்ளைக்கு ஒரு விளையாட்டு. படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ராத்திரியில் போடாதீர்கள். கழுதைக் காது முளைக்கும் இடத்தில் புத்தகத்தில் இரண்டு பையன்களும் தொப்பியால் காதை மறைத்துக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று எண்ணிக் கழற்றி, ஒருவரை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிப்பு கனைப்பாக மாறிய பிறகுதான் பயம் வரும். படத்தில் அந்தக் காட்சி இன்னும் திகிலாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுங்கள், ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும்.